மட்டையும் பந்தும் – பகுதி 14: எஞ்சியிருந்த ஐந்து நிமிடங்கள்

சென்ற பகுதியைப் பனித்தளத்தில் முடித்திருந்தோம். 1972 செப்டம்பர் 28, மாஸ்கோ. கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய தொடரின் எட்டாவது ஆட்டம். முடிய 34 வினாடிகள் இருந்தபோது பால் ஹெண்டர்சன் கோல் அடித்தார். கனடா 6-5 என்று வென்றது. அதன்பின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த ராபின் பாவாவைப் பார்த்தோம். 1989-90 பருவத்தில் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அணிக்காக இறங்கிய அவர்தான் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர்.

குடியேறிய சமூகத்தின் பிள்ளை ஒருவன், போன இடத்தின் ஆட்டத்தை ஆடி, அதன் உச்ச மேடையில் நிற்பது பெரிய விஷயம். பாவாவின் கதையை எழுதி முடித்தபோது, நம் நாட்டில் இதே காரியம் அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டதே, அதை நாம் எங்கே எழுதி வைத்திருக்கிறோம் என்ற கேள்வி எழுந்தது. பனித்தளத்தில் அல்ல, மழை பெய்து ஊறிய புல்தரையில் அது நடந்தது. இடம் கோலாலம்பூர். காலம் 1975 மார்ச். மலேசிய அணியின் தலைவர் ஒரு தமிழர். அரையிறுதியில் எதிரே நின்றது இந்தியா.

இந்தப் பகுதி அந்த ஆட்டத்தைப் பற்றியது. அதற்கு முன்னும் பின்னும் நம் திடல்களுக்கு நேர்ந்ததைப் பற்றியது.

தோட்டத்துத் திடல்

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே வரும் சாலை கம்போங் குவாந்தானைத் தொட்டுக்கொண்டு போகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் இரவில் மின்னும் மின்மினிகள்தான். நமக்கு இது தோட்டங்களின் நடுவே இருக்கும் ஊர். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பழைய பத்தாங் பெர்சுந்தையான இன்றைய பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கம் போனாலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. இந்நாட்டில் வணிக முறையிலான செம்பனைப் பயிர் தொடங்கியதே பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை நட்டார்.

அந்தத் தோட்டங்களில் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை ஆகியவற்றோடு தவறாமல் இன்னொன்றும் இருந்தது: திடல். ரப்பர் மரம் வெட்டுகிறவர்களின் நாள் விடியுமுன் பெரட்டில் தொடங்கும். காலையில் வெட்டு, பிறகு பால் எடுப்பு, நிறுவை. பிற்பகலில் பெரும்பாலோருக்கு வேலை முடிந்துவிடும். வெயில் தணிந்ததும் ஆண்பிள்ளைகள் எல்லாரும் திடலுக்கு வந்துவிடுவார்கள். மாலை நேரம் மிச்சமாகக் கிடைத்த உழைப்பு முறை அது. தோட்டப்புறத்தில் விளையாட்டு வளர்ந்ததற்கு அந்த மிச்சமும் ஒரு காரணம்.

தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம் பெரும்பாலும் காற்பந்துதான். ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம். ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டை வேண்டும். சியால்கோட்டிலும் ஜலந்தரிலும் முசுக்கட்டை மரத்தில் செய்து கப்பலில் வரும் மட்டைக்குக் காசு வேண்டும். அதனால் ஹாக்கி முதலில் கிராணிமார், ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், காவல்துறையினர் கைக்குத்தான் வந்தது. பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளில் வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த தமிழர்களும், பஞ்சாபிலிருந்து காவல் பணிக்கு வந்த சீக்கியர்களும், யூரேசியர்களும் அதை வளர்த்தார்கள். கோலாலம்பூரில் தமிழர்கள் நடத்திய தமிழியன் பிசிக்கல் கல்ச்சுரல் அசோசியேஷன் போன்ற கழகங்களுக்குச் சொந்தத் திடலே இருந்தது.

தோட்டத்துப் பிள்ளை ஹாக்கிக்குப் போன வழி பள்ளிக்கூடம் வழி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, சிற்றூரிலோ பட்டணத்திலோ இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பையனிடம் விளையாட்டு ஆசிரியர் ஒருவர் மட்டையைக் கொடுப்பார். காற்பந்தில் பழகிய கால் ஹாக்கிக்கும் உதவியது. நன்றாக ஆடினால் காவல்துறையிலோ ரயில்வேயிலோ தேசிய மின்வாரியத்திலோ வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. அந்நாளில் தொழில்முறை ஆட்டம் என்று இங்கே எதுவும் கிடையாது. ஆட்டத்துக்காக ஒரு வேலை, வேலைக்குப் பிறகு ஆட்டம் என்பதே அன்றைய ஏற்பாடு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுவே பெரிய கதவாக இருந்தது.

மெர்டேக்காவுக்கு முன்பே ஒலிம்பிக்

நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டே மலாயா ஹாக்கி அணி ஒலிம்பிக் மேடை ஏறிவிட்டது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்தான் மலாயா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக். அங்கே சென்ற ஹாக்கி அணியின் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் பல. மலாயா ஒன்பதாம் இடம் பெற்றது. குடியுரிமையைப் பற்றிய பேச்சு இன்னும் முடியாத காலம். மலாயாவின் மக்கள் யார் என்று அரசியல் அரங்கில் வாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஹாக்கித் திடலில் அதற்கு ஒரு விடை எழுதப்பட்டிருந்தது.

இந்த ஆட்டத்துக்கு நாட்டின் உச்சியிலேயே ஓர் ஆதரவாளர் இருந்தார். இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் மலேசிய ஹாக்கி சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். உலகக் கிண்ணப் போட்டி இங்கே வந்தது அவர் தலைமையில்தான். 1971இல் பார்சலோனா, 1973இல் ஆம்ஸ்டெல்வீன், மூன்றாவது கோலாலம்பூர். ஆசிய மண்ணில் நடந்த முதல் ஹாக்கி உலகக் கிண்ணம் இதுவே.

காலத்தையும் மறக்கக்கூடாது. 1969 மே 13 கலவரத்திலிருந்து ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. தோட்டப்புறத்தில் குடியுரிமை இல்லாத நம் மக்கள் வேலை பெர்மிட் சட்டத்தால் கலங்கிப்போயிருந்தார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர்கள் பலர். கப்பலேறித் திரும்பிப் போனவர்களும் உண்டு. இந்த நாடு நம்முடையதா என்ற கேள்வி லயத்துத் திண்ணைகளில் உண்மையாகவே கேட்கப்பட்ட ஆண்டுகள் அவை.

அந்தச் சூழலில் மலேசிய அணி களமிறங்கியது. தலைவர் என். ஸ்ரீ சண்முகநாதன். கூடவே எம். மகேந்திரன், எஸ். பாலசிங்கம், ஏ. பிரான்சிஸ். கோல் காவலர் கைருடின் சைனால். வோங் சூன் ஹின், பூன் ஃபூக் லோக், பிராங்கோ டி'குரூஸ், மொகிந்தர் சிங். பயிற்றுநர் ஹோ கோ சை. அவரே முன்பு ஒலிம்பிக்கில் மலேசியாவின் கோல் காவலராக நின்றவர். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர், யூரேசியர் என்று நாட்டின் எல்லா வீட்டு வாசலிலிருந்தும் ஆள் வந்திருந்த அணி. யாருக்கும் இட ஒதுக்கீடு செய்து சேர்த்த அணி அல்ல. மட்டையைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இடம் என்று உருவானபோது இயல்பாக அப்படி அமைந்தது.

அரையிறுதிக்குப் போன பாதை

பன்னிரண்டு நாடுகள் இரு பிரிவுகளாக ஆடின. மலேசியா இருந்த பிரிவில் பாகிஸ்தானும் நெதர்லாந்தும் இருந்தன. பாகிஸ்தான் 1971இன் உலகக் கிண்ண வெற்றியாளர். நெதர்லாந்து 1973இன் வெற்றியாளர். முதல் இரு இடம் பிடிக்கும் அணிகளுக்கே அரையிறுதி. இந்த இருவரைத் தாண்டி மூன்றாவதாக ஒருவர் நுழைவார் என்று யாரும் எண்ணவில்லை.

மலேசியா நெதர்லாந்தை 2-1 என்று வீழ்த்தியது. கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த அணி வெளியே போனது. போட்டியை நடத்திய நாடு அரையிறுதிக்குள் வந்தது. மலேசிய ஹாக்கியின் வரலாற்றில் அதற்கு முன் அப்படியொரு வெற்றி கிடையாது.

மறுபிரிவில் இந்தியா தடுமாறித்தான் வந்தது. அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றது. ஆஸ்திரேலியாவுடன் சமன் செய்தது. மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றே கரை சேர்ந்தது. அணித் தலைவர் அஜித்பால் சிங். மேலாளர் பல்பீர் சிங். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அந்த அணியிலும் நம்மவர்கள் உண்டு. வலது ஓரத்தில் ஆடிய வி.ஜே. பிலிப்ஸும், கோல் காவலர் லெஸ்லி பெர்னாண்டஸும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

ஆக, தாத்தாக்கள் கப்பலேறி வந்த நாடும் பேரப்பிள்ளைகள் பிறந்த நாடும் உலகக் கிண்ண அரையிறுதியில் நேருக்கு நேர் நின்றன. இரண்டு அணிகளிலும் தமிழர். உங்கள் மனம் எந்தப் பக்கம் என்று நம்மைப் பார்த்துப் பிறர் கேட்பது வழக்கம். கேள்வி கேட்கிறவர்கள் அந்த ஆட்டத்தில் மலேசியச் சட்டையை அணிந்து முன்னால் நின்றவர் யார் என்று பார்த்திருந்தால் போதும். சண்முகநாதன் மலேசியாவின் தலைவராக நின்று இந்தியாவைத் தோற்கடிக்கப் பார்த்தார். அதைவிடத் தெளிவாக ஒரு சமூகம் தன் இடத்தைச் சொல்ல முடியாது.

அறுபத்தைந்தாவது நிமிடம்

அந்த மார்ச்சில் மழை விடாமல் தொல்லை கொடுத்தது. புல்தரை ஊறியிருந்தது. ஊறிய புல்லில் பந்து ஓடும் வேகம் குறையும்; குண்டும் குழியுமான இடத்தில் பட்டுத் திடீரென்று எழும்பும். நீளமாக அடித்துத் தள்ளுவதைவிட, மட்டையோடு பந்தை ஒட்டவைத்துக்கொண்டு போகிறவனுக்கே அந்தத் தரை கைகொடுக்கும். இரண்டு அணிகளும் அப்படி ஆடிப் பழகியவையே.

முதல் கோலை மலேசியா போட்டது. அடித்தவர் பூன் ஃபூக் லோக். சிவாஜி பவார் இந்தியாவுக்குச் சமன் செய்தார். பூன் ஃபூக் லோக் மீண்டும் அடித்தார். மலேசியா 2, இந்தியா 1. ஆட்டம் மொத்தம் 70 நிமிடம். நிமிடங்கள் கரைந்துகொண்டே போயின. இறுதியாட்டத்தின் வாசல் திறந்து கிடந்தது.

ஐந்து நிமிடம்போல் எஞ்சியிருந்தபோது இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. பல்பீர் சிங் ஆளை மாற்றினார். தற்காப்பு ஆட்டக்காரர் மைக்கேல் கிண்டோ வெளியே வந்தார். அஸ்லம் ஷேர் கான் உள்ளே போனார். போபாலைச் சேர்ந்த இளைஞர். தந்தை அகமது ஷேர் கான் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றவர்களில் ஒருவர். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன், ஓடிச் சூடேறாத உடம்போடு, ஆட்டத்தின் கனமான அடியை அடிக்க நின்றான்.

அன்றைய பெனால்டி கார்னரை இன்று பார்க்கிறவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். வட்டத்தின் விளிம்பில் ஒருவர் குனிந்து கையாலேயே அதை நிறுத்துவார். அப்போது விதி அதை அனுமதித்தது. நிறுத்திய கை விலகியதும் மூன்றாமவர் ஓங்கி அடிப்பார். தள்ளுதல், நிறுத்தல், அடித்தல் மூன்றும் ஒரே மூச்சில் நடந்தாக வேண்டும். கோல் கோட்டில் காத்திருக்கும் தற்காப்பாளர்கள் பந்து கிளம்பிய கணமே அடிப்பவனை நோக்கிப் பாய்ந்து வருவார்கள். ஊறிய புல்லில் பந்து கொஞ்சம் எகிறினாலும் நிறுத்துகிறவர் கைக்குள் அடங்காது. அடங்காவிட்டால் வாய்ப்பு போய்விடும்.

அஸ்லம் கழுத்தில் கிடந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டுக்கொண்டார். பந்து வந்தது, நின்றது, அடித்தார். கோல். 2-2.

கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவது கோலை அடித்தார். இந்தியா 3-2. மலேசியா மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்று நான்காவதாக நின்றது. அன்று பெற்ற நான்காம் இடம்தான் உலகக் கிண்ணத்தில் மலேசியா இதுவரை எட்டிய உச்சம்.

கனடாக்காரர்களுக்கு 34 வினாடிகள்போல் நமக்கு இந்த ஐந்து நிமிடங்கள். அவர்களுடையது வெற்றியின் நினைவு. நம்முடையது கைக்கு எட்டியதன் நினைவு. எட்டியது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்றிருந்த நாட்டை, மெர்டேக்கா பெற்றுப் பதினெட்டு ஆண்டுகூட ஆகாத நாடு, 65ஆவது நிமிடத்திலும் பின்னால் நிறுத்தி வைத்திருந்தது.

விஜயநாதனின் விசில்

கதை அரையிறுதியோடு முடியவில்லை. 1975 மார்ச் 15, மெர்டேக்கா அரங்கம். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய இறுதியாட்டம். விசில் மலேசியத் தமிழர் ஒருவர் கையில் இருந்தது. அவர் நடுவர் ஜி. விஜயநாதன்.

இரண்டு நாட்களுக்கு முன்தான் இந்தியா மலேசியாவின் கனவைக் கலைத்திருந்தது. அந்த இந்தியா ஆடும் ஆட்டத்தில் ஒரு மலேசியர் நியாயம் சொல்ல வேண்டும். பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்கோ அவர் இந்திய வம்சாவளியினர். இரண்டு பக்கமும் சந்தேகத்தோடு பார்க்கக்கூடிய இடத்தில் அவர் நின்றார்.

பாகிஸ்தான் முதல் கோலை அடித்தது. இடைவேளைக்குப் பின் சுர்ஜித் சிங் சமன் செய்தார். 51ஆவது நிமிடத்தில் தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே திரும்பிவிட்டது. உள்ளே போனதா இல்லையா? பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் இல்லை என்று சூழ்ந்துகொண்டார்கள். மெதுவாக ஓட்டிப் பார்க்கக் காட்சிப்பதிவு கிடையாது. மேல் முறையீடு கிடையாது. கண் பார்த்ததை நம்பி அங்கேயே முடிவு சொல்லியாக வேண்டும். விஜயநாதன் கோல் என்றார். முடிவிலிருந்து அசையவில்லை. இந்தியா 2-1 என்று உலகக் கிண்ணத்தை வென்றது. இந்திய ஆடவர் ஹாக்கி வென்ற ஒரே உலகக் கிண்ணம் அதுதான். 2023 வரை நடந்த எந்த உலகக் கிண்ணத்திலும் இந்தியா மறுபடி அரையிறுதிக்குக்கூடப் போகவில்லை.

ஆட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோல் அடித்தவன் பெயரை எழுதுவார்கள். நடுவர் பெயர் பெரும்பாலும் உதிர்ந்துபோகும். நாம் அதை உதிரவிடக் கூடாது. ஆட்டத்தில் வெல்வதற்குச் சமமான பெருமை, ஆட்டத்தின் நியாயத்தைக் காக்கும் பொறுப்பு நம்பி ஒப்படைக்கப்படுவது. உலகம் ஒரு மலேசியத் தமிழரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது. அவர் அதை நிமிர்ந்து நின்று செய்தார்.

புல் போன கதை

மறு ஆண்டே எல்லாம் மாறியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. இந்தியா ஏழாவது, மலேசியா எட்டாவது. உலகக் கிண்ண இறுதியில் ஆடிய பாகிஸ்தானுக்கும் தங்கம் இல்லை. தங்கம் நியூசிலாந்துக்குப் போனது. அதே ஆண்டு ஜனவரியில் துன் ரசாக் காலமாகியிருந்தார்.

செயற்கைத் தரை ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றியது. பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும், எகிறாது. மட்டை நுனியில் பந்தைக் கொஞ்சும் வித்தையைவிட, இடைவிடாத ஓட்டமும் நேர்கோட்டில் பாயும் வேகமான பாஸும் முக்கியமாயின. ஆனால் நம்மைப் பாதித்தது அதைவிடப் பெரிய ஒன்று: விலை. புல்தரை எந்தப் பள்ளியிலும் உண்டு, எந்தத் தோட்டத்திலும் உண்டு. செயற்கைத் தரையைப் போட ஏராளமான பணம் வேண்டும். அதை நனைத்துவைக்கத் தண்ணீர் வசதி வேண்டும். சில ஆண்டுகளில் தேய்ந்தால் மாற்ற வேண்டும். அது தலைநகரத்திலும் மாநிலத் தலைநகரங்களிலும்தான் வந்தது. புல்லில் மட்டும் ஆடிப் பழகிய பையன் தேர்வுக்குப் போனால், அங்கே முற்றிலும் வேறொரு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்.

அதே ஆண்டுகளில் தோட்டத்துத் திடலும் கரையத் தொடங்கியது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். அதே நிலப்பரப்புக்குச் செம்பனையில் ஆள் குறைவாகப் போதும். குலை வெட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, சாலையோரம் சேர்க்கும் வேலை நாளை முழுதாக விழுங்கியது. குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்தன. பிறகு தோட்டங்களே கைமாறின. வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. வட சிலாங்கூரில் புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட வீட்டுக்காக எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காகப் போராடுகிறவன் திடலைப் பற்றிப் பேச மாட்டான். லயத்தை இடிக்கும்போது கோயிலுக்கும் பள்ளிக்கும் மாற்று இடம் கேட்டோம். கேட்டே ஆக வேண்டியவை அவை. திடலுக்கு யாரும் மாற்று இடம் கேட்கவில்லை.

மேல்மட்டத்தில் ஆட்டம் தேய்ந்தது, கீழ்மட்டத்தில் இடம் தேய்ந்தது என்று இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. மலேசிய ஹாக்கியில் தமிழர் பெயர் முன்போல் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள், பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று பழி சொல்கிறார்கள். ஆர்வம் போகவில்லை. அது காலூன்றி நின்ற தரை போனது.

மட்டைக்குக் கூலி வந்த காலம்

ஆட்டம் மெல்ல மெல்லத் தொழிலாகவும் மாறியது. வங்கிகளும் தொலைபேசி நிறுவனமும் கழக அணிகளை நடத்தின; வெளிநாட்டு வீரர்களைச் சம்பளத்துக்கு அழைத்து வந்தன. அப்படி வந்தவர்களில் பெரியவர் தன்ராஜ் பிள்ளை. புனே அருகே கட்கியில் எளிய தமிழ்க் குடும்பத்தில் 1968இல் பிறந்தவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டி என்று ஆடியவர். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றவர். அவர் இங்கே பேங்க் சிம்பானான் நேஷனல் கழகத்துக்கும் தெலிகோம் மலேசியா கழகத்துக்கும் ஆடினார். எழுபதுகளில் மட்டை வேலை வாங்கித் தந்தது. தொண்ணூறுகளில் மட்டை பிடிப்பதே வேலையானது.

பனித்தள ஹாக்கியும் நம் வாசலுக்கு வந்துவிட்டது. 2017இல் கோலாலம்பூர் நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. டாமன்சாராவில், பேரங்காடிக்குள் உறையவைத்த தளத்தில் ஆட்டங்கள் நடந்தன. தங்கம் பிலிப்பைன்ஸுக்குப் போனது. பனி விழாத நாடுகள் பனியில் மோதிய அந்தப் போட்டி ஒரு பாடத்தைச் சொல்கிறது: இடம் அமைத்துக் கொடுத்தால் ஆட்டம் எங்கும் வேர்விடும்.

குமார் நின்ற கோல்

1975இன் கணக்கைத் தீர்க்க மலேசியாவுக்கு வெகுகாலம் ஆயிற்று. 2010 குவாங்சோ ஆசியப் போட்டி அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் தெங்கு அகமது தாஜுடின் அடித்த கோலால் இந்தியாவை 4-3 என்று வென்று, மலேசியா முதன்முறையாக ஆசிய இறுதிக்குப் போனது. அங்கே பாகிஸ்தானிடம் தோற்று வெள்ளி பெற்றது.

எட்டு ஆண்டுக்குப் பின் ஜக்கார்த்தா. 2018 ஆகஸ்ட் 30. பிரிவு ஆட்டங்களில் மட்டும் 76 கோல் அடித்துக் குவித்திருந்த இந்தியா அரையிறுதியில் எதிரே. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ராசி ரகீம் பெனால்டி கார்னரில் அடித்த கோலால் 2-2. அஸ்லம் ஷேர் கான் அன்று நமக்குச் செய்ததை, ஏறக்குறைய அதே நேரத்தில், அதே வகை வாய்ப்பில், நம் பையன் திருப்பிச் செய்தான்.

பிறகு ஷூட்அவுட். மலேசியக் கோலில் எஸ். குமார், வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரணிக்காரன் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்புவான். எட்டு வினாடிக்குள் கோல் அடிக்க வேண்டும். கோல் காவலர் தனியாள். முன்னே வந்து கோணத்தை அடைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கீழே விழுந்தால் பந்து தலைக்கு மேல் போய்விடும். தாமதித்தால் பக்கவாட்டில் நழுவிவிடும். குமார் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரனை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போய் நேரத்தைத் தின்னவைத்தார். ஐந்து ஐந்து வாய்ப்பு முடிந்தும் முடிவு வரவில்லை. திடீர் மரண முறையில் இழுத்துப்போய், கடைசியில் இந்தியாவின் எஸ்.வி. சுனிலைத் தடுத்து நிறுத்தியபோது மலேசியா 7-6.

இறுதியாட்டத்தில் ஜப்பானோடு 6-6. முன்னிலையில் இருந்த மலேசியாவை ஜப்பான் கடைசி நேரத்தில் எட்டிப்பிடித்து, ஷூட்அவுட்டில் 3-1 என்று வென்றது. தங்கத்தோடு தோக்கியோ ஒலிம்பிக்குக்கான நேரடி இடமும் கைநழுவியது. 2000 சிட்னிக்குப் பிறகு மலேசிய ஹாக்கி ஒலிம்பிக்கைப் பார்க்கவில்லை.

எழுதி வைக்க வேண்டியது

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதும்போது ரப்பர் பாலும், சயாம் மரண ரயிலும், வேலை நிறுத்தமும், துண்டாடப்பட்ட தோட்டமும் வருகின்றன. வர வேண்டியவைதான். அவையெல்லாம் நம்மீது நிகழ்ந்தவை, நாம் தாங்கியவை. ஆனால் நாம் செய்தவையும் உண்டு. நெதர்லாந்தை வீழ்த்தியது நாம் செய்தது. இந்தியாவை 65ஆவது நிமிடத்திலும் பின்னால் நிறுத்தியது நாம் செய்தது. உலக இறுதியில் விசிலை ஊதி நியாயம் சொன்னது நாம் செய்தது. தாங்கியதை மட்டும் படித்து வளரும் பிள்ளை தன்னைப் பாதிக்கப்பட்டவனாகவே காண்பான். செய்ததையும் படித்தால் தன் பங்கைக் கேட்டு நிற்கத் தெரிந்துகொள்வான்.

அந்தப் பங்கு இன்று மிக எளிய ஒன்று: ஒரு திடல். மூடப்பட்ட தோட்டத்தின் மக்களைக் குடியமர்த்தும்போது, அடுக்குமாடி வரைபடத்தில் கார் நிறுத்துமிடத்துக்குக் கோடு போடுகிறவர்களிடம் விளையாடவும் ஒரு கோடு கேட்க வேண்டும். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கணினி அறையைப் பற்றிப் பேசும் அதே குரலில், பள்ளித் திடல் கட்டடத்துக்குப் பலியாகாமல் காப்பதையும் பேச வேண்டும். ஆறாம் ஆண்டுப் பையனுக்கும் பெண்ணுக்கும் மட்டை கொடுக்க ஓர் ஆசிரியர் கிடைத்தால், அவரைக் கொண்டாட வேண்டும். சண்முகநாதன் தலைமை தாங்கிய அணியை எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை. மாலை நேரமும், சமமான புல்லும், மட்டையைக் கையில் கொடுத்த ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய அணி அது. அந்த மூன்றையும் மறுபடி சேர்ப்பது நம்மால் முடியாத காரியமல்ல.

அடுத்த பகுதியில்: 1980 மாஸ்கோ ஒலிம்பிக். மலேசியா புறக்கணித்த அந்தப் போட்டியில், ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்ற கதை.